கழுத்து பெஞ்சு

நாட்டிலேயே முறுக்கேறிய பந்தயக்காரர்கள் பத்தொன்பது பேரைவிடத் தன் கழுத்துக்குப் பலம் அதிகம் என்று தெரிந்தபோது குமுதவல்லிக்குப் பெருமை வரவில்லை. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கழுத்தெலும்பு தேய்ந்துபோய்விட்டது என்று டாக்டர் கொடுத்த பட்டையைப் பாதி நாள் கட்டிக்கொண்டும், பாதி நாள் கைப்பைக்குள் திணித்துக்கொண்டும் திரிபவள். கருமலை ரேஸ் டிராக்கின் பரிசோதனைக் கொட்டகையில் டிரைவர்களின் கழுத்துப் பலத்தை அளக்கும் பெஞ்சு சும்மா கிடக்கிறதே என்று உட்கார்ந்து பார்த்தாள். தலையைச் சுற்றி வாரை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினாள். திரையில் முப்பத்தொன்று என்று வந்தது. அதற்குக் கீழே போன ரேஸ் அன்று டிரைவர்கள் தள்ளிய எண்கள் வரிசையாக இருந்தன. இருபத்திநாலு, இருபத்தியொன்று, பத்தொன்பது. ஒருவனும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை, ஒரே ஒருவனைத் தவிர. அவன் அறுபத்தெட்டு.

பெஞ்சைக் கவனித்துக்கொள்ளும் ஜோதிமணி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"சிரிப்பு வந்தா சிரிச்சிரு ஜோதி. அடக்காத."

"சிரிப்பு இல்லீங் மேடம். எல்லாத்துக்கும் தெரிஞ்ச விசயந்தானுங்க. உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நாங்க நெனைக்கவே இல்லீங்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ரேஸ் நாள் காலையில் இந்தக் கொட்டகையில் நடப்பது பரிசோதனை அல்ல, நாடகம். மாடு மாதிரிக் கழுத்தை வளர்த்து வைத்திருக்கும் ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, முகத்தைச் சிவக்க வைத்து, பல்லைக் கடிப்பார்கள்; தள்ள மட்டும் மாட்டார்கள். "ராத்திரி தலகாணி சரியில்லைங்க" என்று ஒருவன் முனகுவான். அதையும் நன்றாகச் செய்பவனுக்கு வெளியே டீ வாங்கித் தருவார்கள். எண்களை எந்திரம் வாங்கிக்கொண்டு போய்விடும். மனிதர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

குமுதவல்லி வாரைக் கழற்றினாள். அந்த பெஞ்சைக் கொண்டுவந்து வைத்தவளே அவள்தான். அதன் எண்களை வைத்து ஓடும் விதியை எழுதியவளும் அவள்தான். இப்போது அந்த விதிக்குத்தான் நாடு முழுக்கக் கொள்ளி வைக்கத் தயாராக இருந்தார்கள்.

போன ரேஸில் ஊசி வளைவில் துருவன் என்ற சென்னைப் பையன் இடப்பக்கம் வந்த வண்டியைப் பார்க்காமல் திரும்பினான். சக்கரத்தோடு சக்கரம் உரசி, அவன் வண்டி கிளம்பிப் பறந்து கான்கிரீட் சுவரைப் பார்த்துப் போனது. வெளிப்பக்கமாக, யார் வம்புக்கும் போகாமல் ஓட்டிக்கொண்டிருந்தான் சென்னியப்பன் என்ற கோயமுத்தூர்க்காரன். அவன் வண்டி தானாகத் திரும்பிச் சுவருக்கும் பறந்து வந்த வண்டிக்கும் நடுவில் போய் நின்றது. துருவன் ஒரு கீறலோடு இறங்கி நடந்தான். சென்னியப்பனின் வலது கை நசுங்கியது. ஒட்டவைத்த கை இனிமேல் சோற்றைப் பிசையுமா என்பதே சந்தேகம்.

'கேட்காமல் எடுத்த கை' என்று ஒரு சேனல் தலைப்புப் போட்டது. மறுநாள் அது பனியனில் வந்துவிட்டது. விதியை எடுப்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யப் பந்தயக் கழகத்தின் ஐந்து பேர் கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. இரண்டு பேர் எடுக்க வேண்டும் என்கிறார்கள், குமுதவல்லியும் இன்னொருவரும் வேண்டாம் என்கிறார்கள். மிச்சமிருப்பவர் ராஜரத்தினம். பழைய சாம்பியன். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவர் வாயைத் திறக்காததற்குக் காரணம் குமுதவல்லிக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் இதே வளைவில் அவள் தம்பி விசாகன் சுவரில் மோதிச் செத்தபோது, அவனுக்குப் பின்னால் வந்த வண்டி ராஜரத்தினத்துடையது. அவர் அழகாக ஒதுங்கினார். அதில் தப்பே இல்லை; ஒதுங்காவிட்டால்தான் தப்பு. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் விசாகன் திதியன்று வீட்டுக்கு வந்து, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குமுதவல்லிக்கு இந்த விதியே தோன்றியது. ஒருவன் மேல் மொத்தமாக விழும் அடியை நாலு பேர் பிரித்து வாங்கினால் என்ன? பங்கு விதி என்று பெயர் வைத்தாள். அது வந்த பிறகு கருமலையில் ஒரு சாவுகூட விழவில்லை. இந்த நல்ல சேதி மட்டும் யார் பனியனிலும் ஏறவில்லை.

கொட்டகையிலிருந்து நேராகச் சென்னியப்பன் வீட்டுக்குப் போனாள்.

வீட்டு முன்பகுதிதான் பட்டறை. சென்னியப்பன் மனைவி பூங்கொடி பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டாள். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த சென்னியப்பன், "வாங்கக்கா" என்று எழுந்து வந்து கதவருகே உட்கார்ந்தான். கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"நீங்கதானுங்களா அந்த விதிய எழுதுனவங்க?" என்றாள் பூங்கொடி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான்தாங்க."

"அப்ப எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க. டிவில நாலு பேரு ஒண்ணாக் கத்துறானுங்க, ஒரு எழவும் புரியல. என்ற வீட்டுக்காரரு செவனேன்னு ஒதுங்கிப் போயிட்டிருந்தாரு. அவரு வண்டி எதுக்குங்க தானாப் போயிக் குறுக்க நின்னுச்சு?"

"டிராக்ல ஓடுற வண்டிக எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்ங்க. ஒரு வண்டி கைமீறிப் போயி, இனி அதுல இருக்கறவன் பொழைக்க மாட்டான்னு ஆச்சுன்னா, கிட்டத்துல இருக்கற வண்டிக ஸ்டீயரிங்க தானா எடுத்துக்கிட்டு அந்த அடியப் பிரிச்சு வாங்கிக்கும். ஒருத்தன் தலையில விழுந்தா சாவு. பிரிச்சு வாங்குனா காயத்தோட போயிரும்."

"யாரு எத்தன வாங்கோணும்னு ஆரு சொல்றது?"

"கழுத்துதாங்க. மோதுறப்ப மொதல்ல ஒடியறது கழுத்து. யாரு கழுத்து எவ்வளவு தாங்கும்னு அன்னைக்குக் காலைல பெஞ்சுல பாத்துக்கறோம். தாங்குறவனுக்குக் கூட, தாங்காதவனுக்குக் கம்மி."

பூங்கொடியின் கை நின்றது. "அப்பப் பலசாலியாப் பொறந்தது குத்தம்னு சொல்லுங்க."

இந்த ஒரு கேள்வியை விதி எழுதிய மேசையில் யாரும் கேட்கவில்லையே என்று குமுதவல்லி நினைத்தாள். பிறகு, எதற்காக வந்தாளோ அதைச் சொன்னாள். பத்தொன்பது பேரும் பொய்யாகத் தள்ளியிருக்கிறார்கள். எந்திரத்தின் கண்ணுக்கு அன்றைக்கு டிராக்கில் திடமான ஆள் சென்னியப்பன் ஒருவன்தான். பிரித்து வாங்க வேண்டிய அடி அவ்வளவும் அதனால்தான் அவன் ஒருவன் மேல் வந்து விழுந்தது.

"நெசமாத் தள்ளுனவனுக்குத் தண்டனை குடுக்கற விதிய நான் எழுதிட்டேன் சென்னி. வெள்ளிக்கிழமை நானே எந்திரிச்சு இத எடுத்துருங்கன்னு சொல்லப் போறேன். அத உன்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

பூங்கொடி கணவன் பக்கம் திரும்பினாள். "ஊரே நடிச்சிருக்குது. நீங்க மட்டும் பெரிய உத்தமராக்கும்?"

"உத்தமனெல்லாம் இல்ல" என்றான் சென்னியப்பன். "மொத மூணு ரேஸ் நானும் நடிச்சவன்தான். நல்லா நடிக்கறேன்னு டீகூட வாங்கிக் குடுத்தானுங்க."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் இடது கையால் கட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டான்.

"அன்னைக்கு வரிசைல எனக்கு முன்னால துருவன் நின்னானுங்கக்கா. நடிக்கறவனுக்கு வலி மூஞ்சில இருக்கும், கண்ணுல இருக்காது. இவனுக்குத் தலைகீழு. மூஞ்சிய சிரிச்சாப்ல வெச்சிருக்கான், கண்ணுல தண்ணி நிக்குது. அதுக்கு முந்துன ரேஸ்ல அவனுக்கு இடப்பக்கம் கழுத்துல நல்ல அடி. முக்கித் தள்றான். உண்மையாலுமே தள்றான். இருபத்திரண்டுதான் வருது."

குமுதவல்லிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. மற்றவர்கள் நிஜமாகத் தள்ளியிருந்தால் அறுபதுகளுக்கு நடுவில் ஒரு இருபத்திரண்டு கண்ணில் குத்தியிருக்கும். டாக்டர் அவனைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். ஊரே நோஞ்சானாக நடித்ததால் உண்மையான நோயாளியும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான்.

"அதனாலதான் இடப்பக்கம் வந்த வண்டிய அவன் பாக்கல" என்றாள்.

"தலை திரும்பாதுங்களே, எப்படிப் பாப்பான்?"

"அங்கயே டாக்டர்கிட்டச் சொல்றதுக்கென்ன சென்னி?"

"சொன்னா அன்னைக்கே அவன் சீட்டு போயிரும். ஏறி உக்காரப் பத்துப் பேரு பின்னால நிக்கறான். அடுத்தவன் வலிய நாங்க வெளிய சொல்றதில்லீங்க. நான் பாதம் வீங்கி ஓட்டுனப்ப என்னையும் யாரும் காட்டிக் குடுக்கல." கொஞ்சம் நிறுத்தினான். "அது தப்புத்தானுங்க. சொல்லியிருந்தா இடியே நடந்திருக்காது. அந்தத் தப்புல எனக்கும் ஒரு பங்கு இருக்குது."

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க. இவன் எங்கியோ இடிக்கப் போறான்னு தெரியுது. இடிச்சா, அத்தன பேரும் நோஞ்சான்னு நெனச்சிட்டிருக்கற மிசினு, எல்லாரு பங்கையும் சேத்து அவன் கழுத்துலயே வெக்கும். அதான் என்ற முறை வந்தப்ப நெசமாவே தள்ளிட்டேன். ஒருத்தனாச்சும் தாங்குறவன் இருக்கறான்னு அதுக்குத் தெரியோணுமில்லீங்க."

கேட்காமல் எடுத்த கை என்று நாடே கூவிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இவன் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். விதியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு குமுதவல்லிக்கு அந்த நிமிஷமே விட்டுப்போனது.

"கை போகும்னு தெரிஞ்சிருந்தா தள்ளியிருப்பியா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

சென்னியப்பன் யோசித்தான். "தெரியலீங்கக்கா. பொய் சொல்ல மாட்டேன். கழுத்து தாங்கும்னு நெனச்சேன். அது தாங்கிருச்சு. கை நடுவுல வந்துருச்சு."

பூங்கொடி காயிலைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"சொன்னா நீ சென்னைக்குப் போயி அவன அடிச்சிருப்ப."

"இப்பவும் அடிப்பேன். ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, எட்டிப் பாத்தானா?"

"வராதீங்கன்னு வக்கீலு சொல்லியிருப்பான். சின்னப் பையன், விடு." குமுதவல்லி பக்கம் திரும்பினான். "அக்கா, இது இந்தப் பட்டறையத் தாண்டக் கூடாதுங்க. அடிபட்டத மறைச்சு ஓட்டுனான்னு தெரிஞ்சா அவனுக்கு ஆயுசுக்கும் லைசென்ஸ் இல்ல. கை ஒண்ணு போனது போதும். அதுக்கு மேல அவன் பொழப்பும் போச்சுன்னா நான் தள்ளுனதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும்."

அவள் தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது. தன் விதியைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியம் அது. அதைத்தான் வாயில் பூட்டுப் போட்டு வைக்கச் சொல்கிறான்.

வெள்ளிக்கிழமை கமிட்டி அறைக்கு வெளியே பனியன் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மூலையில் துருவன் வக்கீலுக்குப் பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயதுப் பையன், ஒரே மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். அவனைப் பார்க்கும்வரை குமுதவல்லிக்கு அவன் மேல் கோபம் இருந்தது. பார்த்த பிறகு முழுதாக இல்லை.

அவள் முறை வந்தது. அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. 'சென்னியப்பன் தெரிந்தேதான் தந்தான்.' சொல்லிவிட்டால் கூட்டம் வாயடைத்துப்போகும், விதி பிழைக்கும், விசாகனை நினைத்து எழுதியதும் வீணாகாது. துருவனின் குனிந்த கழுத்தைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"வெளியில கத்துறாங்களே, நாம கேக்காம எடுத்தோம்னு, அது முழுக்கப் பொய் இல்லை" என்றாள். "நாம கேட்டோம். ஆனா ஒரு கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போயி, யாரும் பாக்காத எடத்துல, எதுக்குன்னும் வெளங்காம கேட்டோம். உன்னால எவ்வளவு தாங்க முடியும்னு அப்படிக் கேட்டா, என்னால ஒண்ணும் முடியாதுன்னுதான் எவனும் சொல்லுவான். பத்தொன்பது பேர் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நான் ஐம்பத்திரண்டு வயசுல முப்பத்தொண்ணு தள்ளினேன். அவங்க யாரும் இருபத்தஞ்சைத் தாண்டல."

அறையில் சிரிப்பு எழுந்து, உடனே செத்தது.

"விதியை எடுக்க வேண்டாம். பெஞ்சை எடுத்து வெளியில போடுங்க. ஜனங்க உக்காந்திருக்கற கேலரிக்கு நேர் முன்னால. தலைக்கு மேல எல்லாருக்கும் தெரியற மாதிரி பெரிய திரை. இது எதுக்குன்னு ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லிட்டு, தள்ளச் சொல்லுங்க. விருப்பமில்லாதவன் அன்னைக்கு ஓட்ட வேண்டாம்."

"பொய்யாத் தள்ளுறவனுக்கு அபராதம்?" என்று கேட்டார் ஒருவர்.

"வேண்டாங்க. பத்தாயிரம் பேருக்கு முன்னால நோஞ்சான்னு பேரெடுக்க எந்தப் பந்தயக்காரனுக்கு மனசு வரும்?"

எல்லோரும் ராஜரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒதுங்கறது மனுச சுபாவம் அம்மிணி" என்றார் கடைசியில். "அதுக்கு நான் சாட்சி. விசாகன் அன்னைக்கு முன்னால போறான். அன்னைக்குக் காலைல என்னை யாராச்சும் உக்கார வெச்சு, 'ராஜரத்தினம், அவனுக்கு ஒண்ணுன்னா நீ கொஞ்சம் வாங்கிக்குவியா'ன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? இத்தன வருசமா யோசிக்கறேன். தெரியல. கேட்டாத்தானே தெரியும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேட்டுப் பாருங்க. என் ஓட்டு அதுக்குத்தான்."

அன்று மாலை அவர் குமுதவல்லியின் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். சர்க்கரை கம்மி என்றுகூடக் குறை சொன்னார்.

அடுத்த பந்தய வருடத்தின் முதல் ரேஸ். கேலரிக்கு எதிரே வெயிலில் பெஞ்சு கிடந்தது. அதற்கு மேல் கல்யாண மண்டப வாசல் அளவுக்குத் திரை. விதி என்ன, எதற்கு என்று ஜோதிமணி ஒலிபெருக்கியில் வாசித்து முடித்தாள். டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள். யார் முதலில் போவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். குமுதவல்லி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் இங்கேயும் நடித்துவிட்டால் அவளிடம் வேறு யோசனை இல்லை.

அப்போது கேலரியின் ஓரப் படியிலிருந்து சென்னியப்பன் இறங்கி வந்தான். வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது கை விரைத்துத் தொங்கியது. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நீங்க இன்னைக்கு ஓட்டறதில்லையேங்ணா" என்றாள் ஜோதிமணி.

"ஓட்டலீன்னா என்ன கண்ணு? கழுத்து நல்லாத்தான இருக்குது. வார மாட்டி உடு."

தள்ளினான். திரையில் அறுபத்தெட்டு எரிந்தது. கேலரி எழுந்து நின்றுவிட்டது. சென்னியப்பன் எழுந்து பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

அதன் பிறகு நடிக்க யாருக்கும் மூஞ்சி இல்லை. அறுபத்தியொன்று, ஐம்பத்தொன்பது, அறுபத்திநாலு. பழக்கதோஷத்தில் ஒருவன் முப்பதோடு நிறுத்த, கேலரி கூச்சல் போட்டதில் வெட்கப்பட்டு மறுபடி உட்கார்ந்து ஐம்பத்தேழு தள்ளினான். ஜனம் அவனுக்கும் கை தட்டியது. ராஜரத்தினம் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஆள் துருவன். கேலரி அமைதியானது, இரண்டு மூன்று பேர் ஊளையிட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றவனை மட்டும் பார்க்காமல் இருக்க ரொம்பவே பாடுபட்டான். இந்த ஏழெட்டு மாதத்தில் அவன் கழுத்து தோளோடு ஒன்றாகத் தடித்திருந்தது. வாரை மாட்டிக்கொண்டு தள்ளினான். அறுபது. நிறுத்தவில்லை. அறுபத்தெட்டைத் தாண்டியது. நரம்பு புடைத்தது. எழுபத்திரண்டு, எழுபத்திநாலு. இன்னும் தள்ளிக்கொண்டிருந்தான்.

குமுதவல்லிக்குப் புரிந்தது. இன்றைக்கு டிராக்கில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் பெரிய பங்கு இவனுக்குத்தான். அதைத்தான் இவன் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வராத பையன் இப்போது வந்திருக்கிறான்.

எழுபத்தைந்து. உடம்பு நடுங்கியது. சென்னியப்பன் குனிந்து, இடது கையால் வாரின் கொக்கியைத் தட்டிவிட்டான்.

"போதுண்டா தம்பி" என்றான், அவனுக்கும் பக்கத்தில் நின்ற குமுதவல்லிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி. "மறுக்கா அந்த இடப்பக்கம் புடிச்சுக்கப் போகுது."

துருவன் அப்படியே உறைந்துபோனான். தனக்கு அடிபட்டதையே அவன் யாரிடமும் சொன்னதில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, முதல் தடவையாகச் சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தான், பிறகு தொங்கிய அந்தக் கையைப் பார்த்தான். அன்றைக்குக் கொட்டகை வரிசையில் தனக்கு அடுத்து நின்றது யார் என்று அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.